நான் வைத்த ஒரு நோன்பு

மூன்றாவது பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்ததும் என்னைக் கோடைக்கானலுக்கு அனுப்பிவைத்தார்கள். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். முதல் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தன, அங்கேதான் போயின. ஒன்று பதினோரு நாள் இருந்தது. இன்னொன்று ஒன்றரை மாதம். குளிர் தாங்கவில்லை என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னார். மாமியார் வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. "இவ பாலு புள்ளைக்கு ஆகாது" என்றார்கள். எனக்கு எதற்குமே பதில் வராது. ஐந்தாவது படிக்கும்போது வாத்தியார் பேர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்பேனே தவிர, உள்ளேன் ஐயா என்று சொல்ல வாய் வராது.

அதனால் இந்தப் பெண்ணைப் பழனியில் அம்மா வீட்டில் பெற்றேன். சித்திரை வந்தது. குளிர் இல்லாத மாதம், இப்போதே கூட்டிவந்துவிடுங்கள் என்று அவர் கடிதாசி போட்டார். ஆனால் சித்திரையில்தான் கோடைக்கானலுக்கு சீசன். பஸ்ஸில் இடம் இல்லை. அப்பாவுக்கு அடிவாரத்தில் சின்னப் பஞ்சாமிர்தக் கடை. அவருக்கு மலைவாழைப் பழம் போடுகிற ராவுத்தர் ஒருவர், கோடைக்கானல் பஜாரில் இருக்கும் மருமகன் கடைக்கு அரிசியும் மிளகாயும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தார். அவருடைய மகள் அங்கே நிறைமாசமாக இருந்ததால் வீட்டம்மாவும் கூடப் போனார். அப்பா போய்க் கேட்டதும், "நம்ம பொண்ணு மாதிரி கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அது அவர்களுடைய நோன்பு மாதம். விடியுமுன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். நான் லாரியில் ஏறும்போது அப்பா கிட்டே வந்து மெதுவாகச் சொன்னார்.

"ஆத்தா, அவங்க நோன்பு. பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்காங்க. அவங்க கண்ணு முன்னால எதையும் வாயில வெச்சுறாத. விரதக்காரங்களப் பாக்கவெச்சுத் திங்கிறது மகா பாவம்."

எனக்கா தெரியாது? காவடி எடுக்கிற ஊரில் பிறந்தவள். பூசத்துக்கு நடந்து வருகிறவர்களுக்கு முன்னால் நின்று முறுக்குக் கடித்ததற்கு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். சரி என்று தலையை ஆட்டினேன். அம்மா கட்டிக்கொடுத்த தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைத் துணிப்பைக்குள் அடியில் வைத்தேன்.

ராவுத்தர் மேலே மூட்டைகள் மீது ஏறிக்கொண்டார். முன்னால் டிரைவர், அந்த அம்மா, நான், என் மடியில் பிள்ளை. அந்த அம்மா வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார். கனத்த உடம்பு. உட்கார்ந்ததும் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்து, "என்னடி இது, கோழிக்குஞ்சு காலாட்டம் கெடக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

ஒட்டன்சத்திரம் தாண்டும்போதே வெயில் ஏறிவிட்டது. செம்பட்டியில் டிரைவர் வண்டியை நிறுத்தி, பின்பக்கம் போய் பீடி குடித்துவிட்டு வந்தார். அவர் எங்கள் ஆள், நோன்பு கிடையாது. அந்த அம்மா ஒரு கூஜாவில் தண்ணீர் வைத்திருந்தார். மூடியைத் திருகி, டம்ளரில் ஊற்றி என் முன்னால் நீட்டினார். "குடி புள்ள, நாக்கு வறண்டு கெடக்கும்."

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"வேணாமா?"

மறுபடியும் ஆட்டினேன். அவர் கொஞ்ச நேரம் டம்ளரைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு தண்ணீரைக் கூஜாவிலேயே திருப்பி ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

வத்தலக்குண்டில் இன்னும் சில மூட்டைகள் ஏற்றவேண்டியிருந்தது. ராவுத்தரும் அந்த அம்மாவும் சொந்தக்காரர் வீட்டுக்குத் தொழப் போனார்கள். போகும்போது, "நாங்க வர ஒரு மணி நேரம் ஆகும் தாயி. நீ நிம்மதியாச் சாப்பிட்டு, புள்ளையவும் பாரு" என்று ராவுத்தர் சொல்லிவிட்டுத்தான் போனார். இறங்கி நடக்கையில் அந்த அம்மா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நம்ம கையால தண்ணி வாங்கிக் குடிக்காது அந்தப் புள்ள. வற்புறுத்தாதீங்க."

அப்படி இல்லீங்க என்று கத்தவேண்டும்போல் இருந்தது. நாக்கு எழவில்லை. இன்றைக்கு யோசிக்கிறபோது, அது முழுப் பொய்யா என்றும் எனக்குத் தெரியவில்லை. அப்பா அவரிடம் எத்தனையோ வருஷம் பழம் வாங்கினார். அவர் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. அதெல்லாம் எனக்குள்ளும் எங்கேயோ இருந்திருக்கும். ஆனால் அந்த நேரம் என் மனசில் இருந்தது அப்பா சொன்ன பாவம்தான். இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள் இன்னொரு பாவத்தைச் சேர்க்க எப்படித் துணிவாள்?

அந்த ஒரு மணி நேரமும் நான் சாப்பிடவில்லை. லாரியைச் சுற்றி மூட்டை தூக்குகிறவர்கள். பொட்டலத்தைப் பிரித்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள். முந்தானைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுக்கவே கூசியது. அவசரமாக இரண்டு நிமிஷம் கொடுத்தேன். மிளகாய் நெடியில் பிள்ளை தும்மித் தும்மி அழுதது. டிரைவர் எட்டிப்பார்த்து, "என்ன தாயி, நீயும் நோன்பா?" என்று சிரித்தார். நான் குனிந்துகொண்டேன்.

மலை ஏற ஆரம்பித்தபோது பிற்பகல். ஒவ்வொரு வளைவுக்கும் லாரி முனகியது. பிள்ளை ஓயாமல் அழுதது. மாரில் வைத்தால் இரண்டு முறை இழுக்கும், விட்டுவிட்டு வீறிடும். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. முந்தின ராத்திரியும் ஊருக்குப் போகிற பயத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த அம்மா இரண்டு மூன்று தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நான் சங்கடப்படுவேன் என்று நினைத்திருப்பார்.

பாதி மலையில் படீர் என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சுபோச்சு பாய்" என்றார். அந்தப் பக்கம் வந்த சீசன் பஸ்ஸில் படிக்கட்டிலும் ஆள் தொங்கியது. டிரைவர் ஒருவருக்குத்தான் ஒற்றைக் காலில் இடம் கிடைத்தது. "மெக்கானிக்கைக் கூட்டிட்டு வெரசா வந்துர்றேன்" என்று தொற்றிக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் லாரி நிழலில் உட்கார்ந்தோம். ராவுத்தர் சற்றுத் தள்ளி ஒரு கல்லில் போய் உட்கார்ந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டார்.

அப்போதுதான் பிள்ளை அழுகையை நிறுத்தியது.

தூங்குகிறது என்று முதலில் நினைத்தேன். கண் பாதி திறந்திருந்தது. உதட்டைத் தொட்டேன், காய்ந்துபோய் இருந்தது. மாரில் வைத்தேன். வாய் திறக்கவில்லை. என் கையாலேயே அழுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. இரண்டாவது பிள்ளை போன அன்றைக்கும் இப்படித்தான் அழுகையை நிறுத்தியது. நல்லவேளை தூங்குகிறான் என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது ஒன்றும் இல்லை.

இவ பாலு புள்ளைக்கு ஆகாது. இப்போது பாலே இல்லை. மேலே போய் என் வீட்டுக்காரர் கையில் எதைக் கொடுப்பேன்? எதிரே பள்ளம் தெரிந்தது. பிள்ளையோடு அதில் இறங்கிவிட்டால் யாருக்கும் பதில் சொல்லவேண்டாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து அந்த அம்மாவிடம் போய்ப் பிள்ளையை அவர் மடியில் வைத்தேன்.

"பால் இல்லீங்க."

அவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன் இல்ல? என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் இல்லீங்க."

"வத்தலக்குண்டுல?"

"இல்லீங்க."

"காலையில?"

தலையை ஆட்டினேன்.

"அடி பாவி மகளே, ஏன்டி?"

"நீங்க நோன்புங்களே. உங்க முன்னால திங்கக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு."

அவர் பளார் என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யா அல்லா! ஏங்க, இங்க வாங்க. இந்தப் பைத்தியக்காரி நமக்காகப் பட்டினி கெடந்து புள்ளையக் காயப்போட்டிருக்கா. நான் என்னமோ நெனச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டு வந்தேனே!" என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "பால் குடுக்கிறவ நோன்பு வைக்க வேண்டாம்னு எங்களுக்கே சொல்லிருக்கு, தெரியுமா? பயணம் போறவங்ககூட விட்டுட்டுப் பொறவு புடிச்சுக்கலாம். நாங்க கொழுப்பெடுத்துப்போயி வெச்சுட்டு வாரோம். உனக்கு என்னடி வந்துச்சு?"

கூஜாவைத் திறந்தார். டம்ளரை வாங்கினேன். வாயில் ஊற்றினேன். விழுங்க முடியவில்லை. எதிரே அவருடைய உதடும் வெடித்துத்தான் இருந்தது. தண்ணீர் கடைவாயில் ஒழுகியது.

அவருக்குப் புரிந்துவிட்டது. துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நான் பாக்கல. குடி."

குடித்தேன். பிறகு அவர் தன் முந்தானை நுனியை நனைத்து, மகளுக்காகக் கொண்டுபோன கருப்பட்டியை அதில் தேய்த்துப் பிள்ளையின் உதட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தார். அது நாக்கை நீட்டவில்லை. தாடையைத் தட்டினார், உள்ளங்காலைத் தேய்த்தார். ஏதோ ஓதி ஊதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு தடவை நாக்கு அசைந்தது.

"பொழைச்சுக் கெடக்கு. ஆனா பால் வேணும்" என்றார். என் தேங்காய்ச்சோற்றைப் பிரித்து முகர்ந்தார். வெயிலில் நொந்துபோயிருந்தது. தூக்கி எறிந்துவிட்டு எழுந்தார். ராவுத்தர் மூன்று கல் கூட்டி, சுள்ளி பொறுக்கிக்கொண்டு வந்தார். ஓடைத் தண்ணீர் மொண்டுவந்தார். ஒரு மூட்டையைக் கிழித்து அரிசி எடுத்தார். மகளின் பிரசவத்துக்கு வைத்திருந்த பூண்டையும் வெந்தயத்தையும் மூட்டையிலிருந்து எடுத்து, அதிலேயே இருந்த புதுச் சட்டியில் அந்த அம்மா கொட்டினார். கஞ்சி கொதித்தது. அப்போதும் என்னால் சாப்பிட முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அவர்கள் இருவரும் அந்த வாசனையை மோந்துகொண்டு உட்கார்ந்திருக்க, நான் எப்படி?

அவர் ஒரு கிண்ணத்தில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"புள்ள, எனக்கு ஒரு உதவி பண்ணு. நோன்பு தொறக்கறதுக்கு இந்தக் கஞ்சிதான். நான் நாக்குல வைக்க மாட்டேன், அவரும் வைக்க மாட்டாரு. உப்புப் பாத்துச் சொல்ல ஆளில்ல."

உதவி என்று கேட்டால் எப்படி மறுப்பது? ஒரு வாய் குடித்தேன்.

"எப்படி இருக்கு?"

"சரியா இருக்குங்க."

"ஒரு வாயில எப்படித் தெரியும்? நல்லாப் பாத்துச் சொல்லு."

இன்னும் இரண்டு வாய். "சரியாத்தான் இருக்குங்க."

"அடியில தங்கியிருக்கும். அதையும் பாரு."

அப்படியே கிண்ணம் காலியாயிற்று. இரண்டாவது கிண்ணமும் ஊற்றினார். வேர்த்தது. பிள்ளையை மறுபடி மாரில் வைத்தார், நான் வைக்கவில்லை. அவரே பிடித்து அழுத்தினார். ஒன்றும் இல்லை. பொறு என்றார். வெயில் மரங்களின் உச்சிக்குப் போனது. மறுபடி வைத்தார். பிள்ளை வாயைத் திறந்தது. முதலில் சும்மா பற்றிக்கொண்டிருந்தது. பிறகு எனக்குள் சுருக்கென்று ஊசி குத்தியதுபோல் ஒரு வலி. 'க்ளக்' என்று ஒரு விழுங்கல் சத்தம் கேட்டது. இன்னொன்று.

நான் சத்தம் போட்டு அழுதேன். ராவுத்தர் எழுந்து இன்னும் தள்ளிப் போய் நின்றார்.

பொழுது இறங்கியதும் அவர்கள் ஆளுக்கொரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, ஓடைத் தண்ணீர் குடித்து நோன்பு திறந்தார்கள். கூஜாத் தண்ணீர் முழுவதையும் நான் குடித்திருந்தேன். பிறகு அந்த அம்மா கஞ்சியை எடுத்து ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறார்.

"ஏண்டி, உப்புச் சரியா இருக்குன்னியே?"

நான் விழித்தேன்.

"எங்கிட்ட உப்பே இல்லடி. ஒரு கல்லுகூடப் போடல."

ராவுத்தர் வாய் நிறையக் கஞ்சியோடு, "எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்த அம்மா மேலும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும். பிறகு சட்டியை என் பக்கம் தள்ளினார்.

"இப்பச் சொல்லு. உப்பு இருக்கா?"

பிள்ளை மாரை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தை நேரே பார்த்தேன்.

"இல்லீங்க" என்றேன்.

"அப்பாடி" என்று சொல்லி, அவர் அடுத்த கிண்ணத்தை ஊற்றினார்.