வாசலில் ஒரு வெள்ளைக் கட்டம்

என் வீட்டு வாசலில் என் சைக்கிளை நிறுத்த நான் யாரிடம் பர்மிட் வாங்க வேண்டும்? அறுபதுகளில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளின் ஊரிகம் லைனில் குடியிருந்தபோது நான் கேட்ட கேள்வி இது. யாரிடமும் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் அன்றைக்கு என் பதில். இன்றைக்கும் அதேதான்.

லைன் வீடு என்றால் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். அப்பா, அம்மா, நான், தம்பிகள் எல்லோரும் படுத்துவிட்டால் நடுவில் சொம்பு வைக்க இடமிருக்காது. அதனால் எல்லோர் வீட்டுச் சைக்கிளும் வெளியில்தான் நிற்கும். எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள்கள். ஒன்றில் அப்பா சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்குப் போவார். இன்னொன்றில் நான் ஆண்டர்சன்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போவேன். எங்கள் லைனில் ஒரு பெண் ஓட்டிய முதல் சைக்கிள் அதுதான். நான் போகும்போது பார்க்கவும் ஆள் இருந்தது, பேசவும் ஆள் இருந்தது. பேசுகிறவர்கள் வீட்டைத் தாண்டும்போது மணியை இன்னும் பலமாக அடிப்பேன்.

லைன் வீடுகளையெல்லாம் கவனித்துக்கொண்ட கேம்ப் ஆபீசுக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். ஒருநாள் அவருடைய ஜீப் எங்கள் சந்துக்குள் நுழைய முடியாமல் சைக்கிள்களுக்கு முன்னால் நின்றுவிட்டது. அவ்வளவுதான். அடுத்த வாரமே ஆட்கள் சுண்ணாம்பு வாளியோடு வந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு சைக்கிள் அளவுக்கு வெள்ளைக் கட்டம் போட்டார்கள். வீட்டு எண் எழுதிய தகரத் தகடு ஒன்றும் வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். அதுதான் பர்மிட். தகடு மாட்டிய சைக்கிள் கட்டத்துக்குள் நிற்கலாம். மாட்டாததை வாட்ச்மேன் தள்ளிக்கொண்டு போய்விடுவார். அதிகாரியின் பங்களா வாசலில் காரும் ஜீப்பும் அகலமாக நின்றுகொண்டிருந்தன. அங்கே யாரும் சுண்ணாம்பு வாளி எடுத்துக்கொண்டு போகவில்லை.

முதல் வாரத்திலேயே என் சைக்கிள் போனது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது பிரேயர் முடிந்து பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இப்படியே தாமதமாக வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார் தலைமை ஆசிரியை. என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. அவர் சொன்னால் சொன்னதுதான்.

சாயங்காலம் கேம்ப் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பர்மிட் சுரங்கத்தில் வேலை செய்கிறவர் பேரில்தான் கொடுப்போம், வீட்டுக்கு ஒன்றுதான், அதில் யார் வண்டியை நிறுத்துவது என்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார். இந்த ஒரு தடவை மன்னிக்கிறேன் என்று சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிக்கிறாராம். நான் என்ன தப்பு செய்தேன்?

பேசி முடிவு செய்ய என்ன இருந்தது? அப்பாவின் நெஞ்சில் சுரங்கத் தூசி ஏறியிருந்தது. ஷாஃப்டுக்குப் போகும் வழி மேடு. அதில் நடந்தால் கீழே இறக்குகிற கேஜில் ஏறுவதற்கு முன்பே அவருக்கு மூச்சு வாங்கிவிடும். நான் நடந்தால் என் வேலை போய்விடும். ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பாவே பேச்சை எடுத்தார். "நான் நடந்து போறேம்மா. எனக்கு இன்னா, பழகின வழிதானே" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அம்மா, பெண் பிள்ளைக்கு வேலை எதற்கு, வருகிற வரனைப் பார்ப்போம் என்று ஆரம்பித்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. யாரும் நடக்கப்போவதில்லை, யாரும் வேலையை விடப்போவதும் இல்லை என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனேன்.

வழி காட்டியது எதிர்வீட்டு அக்கா. அவர்கள் பௌத்தக் குடும்பம். அக்காவுக்கு எதையும் உரக்கச் சொல்லிப் பழக்கமில்லை. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டே, "அவரு ஷிப்டுக்குப் பூட்டா எங்க கட்டம் சும்மாதானே கெடக்குது? உன் வண்டிய இங்க உடு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் ஆபீசுக்குப் போய் சாயங்காலம் வீடு திரும்புகிறவர் போட்ட சட்டம் இது. எங்கள் லைனில் மூன்று ஷிப்ட். எந்த நேரத்திலும் பல வீட்டு ஆண்கள் பூமிக்கு அடியில் இருப்பார்கள். அவர்கள் வண்டி ஷாஃப்டில் நிற்கும், வாசலில் கட்டம் காலியாகக் கிடக்கும். தகட்டை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போகச் சொன்னால் போதும். அன்றிலிருந்து ஷிப்டுச் சங்கு ஊதினால் என் சைக்கிள் இடம் மாறியது. நான் தூங்கிவிட்டால் அக்கா மாற்றி நிறுத்துவாள். இரண்டு வண்டி வைத்திருந்த மற்ற வீடுகளும் சேர்ந்துகொண்டன. வாட்ச்மேன் வந்து பார்த்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வண்டி, ஒவ்வொரு வண்டியிலும் ஒரு தகடு.

ஒரு சாயங்காலம் அதிகாரியே வந்துவிட்டார். அக்கா வீட்டுக் கட்டத்தில் நின்ற லேடீஸ் சைக்கிளைக் காட்டி யாருடையது என்று கேட்டார். "எங்க ஊட்டு வண்டி சார்" என்றாள் அக்கா. மறுநாள் அவர் மறுபடி வந்தபோது அது கடைசி வீட்டில் நின்றது. அங்கே பெண்களே கிடையாது. பெரிய மீசை வைத்த பென்ஷன்காரர் ஒருவரும் அவர் மகனும்தான். பெரியவர் மீசையைத் தடவிக்கொண்டே, நம்ம வண்டிதான் சார், நான்தான் ஓட்டறேன் என்றார். லைன் முழுக்கச் சிரித்தது. நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அதிகாரி சிரிக்கவில்லை.

மறுநாளே புது உத்தரவு வந்தது. வேலைக்குப் போகிறவர் தகட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக் கட்டம் காலியாகத்தான் இருக்க வேண்டும். என் சைக்கிள் வீட்டுக்குள் வந்தது. தம்பிகள் சக்கரத்துக்கு அடியில் கால் நீட்டினார்கள். அப்பாவுக்குப் படுக்க இடமில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். அவருடைய மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் படுத்திருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் விற்றுவிடுகிறேன் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அப்பா தகட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலை ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதிகாரியின் ஜீப் எங்கள் வாசலிலேயே நிற்கிறது.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவர் பலகையில் தன் ஆணியில் தொங்கும் பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு போவார். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பார். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அவர் வருகிற வரைக்கும் வெடி வைக்க மாட்டார்கள். அன்று எல்லோரும் ஏறி வந்த பிறகும் அப்பாவின் ஆணி காலியாக இருந்தது. கீழே தேடினார்கள். வெடி நின்றது, அடுத்த ஷிப்ட் இறங்காமல் நின்றது. கடைசியில் திரும்பி வந்த டோக்கன்களுக்கு நடுவில் ஒரு தகரத் தகடு கிடைத்தது. எங்கள் வீட்டு எண்.

கேம்ப் ஆபீசுக்கு ஆள் போய்ச் சொன்னதும் அதிகாரி ஜீப்பில் ஓடி வந்தார். அப்பா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் சட்டைப் பையிலிருந்து பித்தளை டோக்கன் வந்தது. அதிகாரி கத்தினார். அப்பா எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

"ஏறி வந்தா தகட்டக் குடுத்துட்டுப் போறதுதான் சார் எங்க பழக்கம். ரெண்டு தகடு குடுத்தது நீங்கதானே" என்றார்.

அப்பாவுக்கு ஓர் எச்சரிக்கை மெமோ வந்தது. ஆனால் அடுத்த ஷிப்டில் எதிர்வீட்டு அக்காவின் வீட்டுக்காரரும் தகட்டை மாற்றிக் கொடுத்தார். அதற்கடுத்த ஷிப்டில் பென்ஷன்காரரின் மகன். ஒவ்வொரு தடவையும் வேலை நின்றது ஷாஃப்டை நடத்திய பெரிய துரைக்குப் பொறுக்கவில்லை. டோக்கனைத் தவிர வேறு எந்தத் தகடும் ஷாஃப்ட் பக்கம் வரக்கூடாது என்று அவர் போட்ட உத்தரவில் கேம்ப் ஆபீஸ் உத்தரவு செத்தது.

நான் அதற்கப்புறம் எந்த வீட்டுக் கட்டத்தையும் தேடிப் போகவில்லை. அப்பாவின் சைக்கிளுக்குப் பக்கத்திலேயே, கோட்டுக்கு வெளியே, என் சைக்கிளை நிறுத்தினேன். வாட்ச்மேன் வந்து பார்த்தார். கொஞ்சம் தள்ளி நிறுத்தும்மா என்றார். தள்ளவில்லை. சும்மா போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அப்பா என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நிஜமாகவே தெரியாமல்தான் மாற்றிக் கொடுத்தாரா என்று கேட்டேன். அவர் பெடலை மெதுவாகச் சுற்றினார்.

"பித்தள எது, தகரம் எதுன்னு என் கைக்குத் தெரியாதா?" என்றார். "நாளைக்கு நேரத்தோட கெளம்பு."