கோடு போட்டால் ராங்

பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கொதிகலன் என்று பெயர். வைத்தவர்கள் மாணவர்கள். ஆசிரியர் அறையிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. கணக்கு டீச்சர். கோபம் சட்டென்று வரும், லேசில் போகாது. அவரை மகத்தான ஆசிரியர் என்று சொல்லிவிட முடியாது. மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளிடம் பொறுமை குறைவு. ஆனால் தனக்குப் புரியாத ஒன்றைப் புரிந்ததுபோல் அவர் ஒருநாளும் நடத்தியதில்லை.

கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவினார்கள். "கண்ணு கெட்டுப்போகுமாம்" என்றார் ஒருவர். "தொட்டா ஷாக் அடிக்கும்னு சொல்றாங்களே" என்றார் இன்னொருவர். கொதிகலன் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். புரோகிராம் இருக்கும் கேசட்டை டேப் ரெக்கார்டரில் செருகி, அது கீச்சிட்டுக் கம்ப்யூட்டரில் ஏறி முடிக்கும்வரை காத்திருக்கப் பழகினார். பிறகு பிள்ளைகளையே புரோகிராம் எழுத வைத்தார். திரையில் ஒரு வட்டம் பந்தாக விழும். எண்ணை மாற்றினால் வேகம் மாறும். யாரோ கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட, பந்து மேலே பறந்தது. வகுப்பே சிரித்தது. கரும்பலகையில் தொண்டை வறளக் கத்தியும் ஏறாத கழித்தல் குறி அந்தச் சிரிப்பில் ஏறியது.

இது தலைமை ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் சிரித்தால் அது பாடமாகாது என்பது அவர் கொள்கை. ஒரு கம்பெனியிடமிருந்து பரீட்சை கேசட் வாங்கினார். மெஷின் கேள்வி கேட்கும். விடையைத் தட்டினால் 'ரைட்' அல்லது 'ராங்' என்று காட்டும். ராங் என்றால் பீப் என்று கத்தவும் செய்யும். அந்த மார்க்கை வைத்துத்தான் இனி அறிவியல் பிரிவுக்கு ஆள் எடுப்பது என்று அறிவித்தார்.

பஸ் டிரைவரின் மகள் அதில் தேறவில்லை. கணக்கில் அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். அவளைத் தட்டச்சுப் பிரிவுக்கு மாற்ற முடிவானது. அப்பா வந்து சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

கொதிகலன் அவளை மெஷின் முன் உட்காரவைத்து, "நீ என்ன தட்டினியோ அதையே தட்டு" என்றார். அவள் 1/3 என்று தட்டினாள். பீப். ராங். டீச்சர் 0.33 என்று தட்டினார். ரைட். விஷயம் விளங்கிவிட்டது. மெஷின் கோட்டுக்கு முன்னால் இருப்பதை மட்டும் படித்து, விடை ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. சரியாக எழுதியவள் தோற்றாள். ஏறக்குறைய எழுதியவர்கள் ஜெயித்தார்கள்.

அன்று வீட்டில் அவர் தட்டை நகர்த்திவைத்த வேகத்தைப் பார்த்து, மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் கேட்டார்: "உன் கோபம் மெஷின் மேலயா, மனுஷன் மேலயா? சீக்கிரம் முடிவு பண்ணு, சாப்பாடு ஆறுது."

"மெஷின் என்ன பண்ணும் பாவம்? அதுக்கு யாரோ சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். இந்த ஹெட்மாஸ்டர் எம்.எஸ்ஸி. படிச்சிருக்காரே!"

மறுநாள் தலைமை ஆசிரியர் அறையில் டிரைவர் காக்கிச் சட்டையோடு நின்றிருந்தார். மகள் கதவோரம். கொதிகலன் கதவைத் தட்டாமல் நுழைந்தார்.

"சார், கேசட் தப்பு. கோடு போட்டா அதுக்குப் படிக்கத் தெரியல. நாலு வரி சேர்த்தா சரியாயிடும், நானே எழுதறேன்."

"விலை கொடுத்து வாங்கின புரோகிராம்ல கைவைக்கிறதா? மெஷினுக்குப் பாரபட்சம் கிடையாது டீச்சர்."

"பாரபட்சம் இல்லதான் சார். மூளையும் இல்ல."

"எல்லாரும் புள்ளி வச்சுத்தானே எழுதினாங்க? இவ மட்டும் எதுக்குக் கோடு போட்டா?"

"நான் சொல்லிக் கொடுத்தேன். புள்ளி முப்பத்திமூணுங்கிறது மூணுல ஒண்ணு இல்ல சார். மூணுல ஒண்ணோட பக்கத்து வீடு."

டிரைவர் தயங்கினார். "விடுங்க டீச்சர். மெஷினே சொல்லிடுச்சுன்னா நாம என்ன சொல்றது?" என்று பேனாவை எடுத்தார். கொதிகலனுக்குக் கோபம் மண்டைவரை ஏறியது. தலைமை ஆசிரியர்மேல் வந்ததைவிட இந்தப் பணிவின்மேல் அதிகம் வந்தது.

"அண்ணே, டீசல் முள்ளு கால்ல நிக்குதுன்னா கண்டக்டர்கிட்ட என்ன சொல்வீங்க?"

"கால் டேங்க்தான் இருக்குன்னு சொல்வேன்."

"புள்ளி இருபத்தஞ்சு டேங்க்னு சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா, இறங்கி வீட்டுக்குப் போய்யான்னுவான்."

"உங்க பொண்ணும் அப்படித்தான் மூணுல ஒண்ணுன்னு எழுதினா. அதுக்குத்தான் இவங்க அவள இறங்கச் சொல்றாங்க."

டிரைவர் மகளைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "கையெழுத்து இல்ல சார்."

தலைமை ஆசிரியர் முகம் கறுத்தது. டிரைவரை விட்டுவிட்டு டீச்சரிடம் திரும்பினார். "இவளுக்கு மார்க்கை மாத்தினா என் பரீட்சையே தப்புன்னு ஆகும். சரி, அறிவியல்லயே உட்காரட்டும், நான் கண்டுக்கல. ஆனா நீங்க இனி கம்ப்யூட்டர் ரூம் பக்கம் வரக் கூடாது. சாவியக் குடுங்க."

விழும் பந்துகளும் அந்தச் சிரிப்பும் அந்தச் சாவிக்குப் பின்னால்தான் இருந்தன. கொதிகலன் அதைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது; மேஜைக் கண்ணாடியில் கீறல் விழுந்தது.

மாலைக்குள் அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை தொங்கியது: மாணவர்கள் இனி விடைகளைப் பின்னத்தில் எழுதக் கூடாது. மெஷினைத் திருத்த மனம் வராதவர் கணக்கைத் திருத்திவிட்டார்.

மறுநாள் முதல் பாடவேளையில் கொதிகலன் கரும்பலகையின் இடது மூலையில் ஒன்றை மூன்றால் வகுக்கத் தொடங்கினார். மூன்று, மூன்று, மூன்று. சாக்பீஸ் ஒடிந்தது, இன்னொன்றை எடுத்தார். பலகை முடிந்தது. கை நிற்கவில்லை. மூன்றுகள் சட்டத்தைத் தாண்டிச் சுண்ணாம்புச் சுவரில் ஏறின.

"எங்க டீச்சர் முடியும்?" என்றாள் டிரைவர் மகள்.

"முடியாது. நீ வந்து எழுது, எனக்குக் கை வலிக்குது."