ஆட்டு இரத்தம்

தியாகம் என்ற சொல்லை யாராவது என் காதில் போட்டால் எனக்குக் குமட்டுகிறது. சிலுவையைச் சொல்லவில்லை. அதை நம்பித்தான் இன்னமும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறேன். அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்று, ஒரு பெண்ணின் முகத்தில் துப்புகிறார்களே, அதைச் சொல்கிறேன்.

என் தங்கையைத் தா.பழூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். போன வருடம் தவக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், இடது கையில் மாவுக்கட்டோடு பெரம்பலூருக்கு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கட்டையால் அடித்தது அவள் புருஷன். குடித்துவிட்டு அடிப்பது புதிதல்ல, எலும்பு முறிந்ததுதான் புதிது. இனிமேல் அங்கே போகப்போவதில்லை என்றாள். சரி, இங்கேயே இரு என்றேன்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அந்த ஊர்க் கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வந்து நின்றார்கள். காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா, செருப்பைக் கழற்றுவதா என்று தெரியாது. அந்த ஊரில் பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையை ஆள் வைத்து நடித்துக்காட்டுவார்கள். அந்த வருடம் இயேசு வேடம் கட்டப்போவது எங்கள் மாப்பிள்ளை. தாடி வளர்த்து, குடியை நிறுத்தி, காவி வேட்டி கட்டி விரதம் இருக்கிறாராம். ஆனால் வேடம் கட்டுகிறவன் வீட்டில் சண்டை இருக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். சிலுவைப் பாதை முடிந்ததும் பெண்டாட்டி வந்து கோவில் வாசலில் அவன் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனால்தான் சமாதானம் ஆனதாகக் கணக்கு.

"நீ வரலன்னா ஊருக்கே அசிங்கம்மா" என்றார் பெரியப்பா. "ஆண்டவரு நமக்காக எவ்வளவு பாடுபட்டாரு. நீ இந்தச் சின்ன தியாகத்தப் பண்ணக் கூடாதா?"

சின்ன தியாகமாம். நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க ஊசியும் இரத்தமுமாக இருந்தாலும் எனக்கு ஒன்றும் செய்யாது. அன்றைக்கு அந்த மனிதர் நான் போட்ட டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, மாவுக்கட்டை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேசியதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தங்கை மட்டும் நிதானமாக, "சிலுவைப் பாதைக்கு வரேங்க. மத்தத அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள். அவர்கள் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கு அவள் மேல்தான் கோபம். திரும்பி அந்த நரகத்துக்கே போய்விடுவாளோ என்ற பயத்தில், அவளோடு நானும் போனேன்.

பெரிய வெள்ளியன்று மண்டையைப் பிளக்கும் வெயில். தெருவில் இறங்கியதுமே எனக்கு நாற்றம் தெரிந்துவிட்டது. மற்ற வருடங்களில் குங்குமத்தைக் கரைத்துப் பூசுவார்களாம். இந்த முறை தத்ரூபமாக இருக்க வேண்டுமென்று கறிக்கடையில் சொல்லிவைத்து, ஆட்டு இரத்தத்தை உப்புப் போட்டுக் கலக்கி வாளியில் கொண்டுவந்திருந்தார்கள். மாப்பிள்ளை முதுகில், நெற்றியில், வெள்ளை அங்கியில் எல்லாம் அதுதான். சிலுவையோடு அவன் இரண்டாவது முறை விழுவதற்குள் அது காய்ந்து கறுத்துப் பொருக்குத் தட்டியது. உடனே இன்னொருவன் சொம்பில் மொண்டு தோளில் ஊற்றினான். ஈ மொய்த்தது. கறி தொடாத நாளில் ஊர் முழுக்கக் கறிக்கடை வாடை. பெண்கள் அழுதுகொண்டே அவன் அங்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். என் தங்கையின் எலும்பு முறிந்தபோது இதே தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? அந்தக் காலத்தில் பாவம் தீர ஆட்டை அறுத்தார்கள், காளையை அறுத்தார்கள், வருடா வருடம் அறுத்தும் தீரவில்லை. தவறு செய்தவன் ஒருவன், கழுத்தைக் கொடுப்பது வாயில்லாத இன்னொன்று. கடைசியில் கடவுளே வந்து தன்னைக் கொடுத்தார், ஒரே தடவை, எல்லோருக்குமாக. அதோடு பலி முடிந்தது, மீட்பு என்றால் அதுதான் என்றார்கள். ஆட்டு இரத்தமே இனி வேண்டாம் என்று செத்தவர் வேடத்தின் மேல் ஆட்டு இரத்தத்தை வாளியோடு ஊற்றுகிறார்களே, இது ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லையா? அவர் தன்னைக் கொடுத்தார். இவர்கள் எப்போதும் அடுத்த வீட்டுப் பெண்ணையே கொடுக்கிறார்கள்.

கோவில் வாசலில் சிலுவையிலிருந்து இறக்கியதும் மாப்பிள்ளை நேராக எங்களிடம் வந்தான். கூட்டம் விலகி வழிவிட்டது. முள்முடியைக்கூடக் கழற்றவில்லை.

"வூட்டுக்குப் போலாம் வா" என்றான். "எல்லாரும் பாக்குறாங்க."

"நாளு கெழமையப் பாரும்மா" என்று உபதேசியார் பக்கத்தில் வந்தார். "மன்னிச்சு வுட்டுட்டுக் கைய புடி."

தங்கை அவரைத்தான் பார்த்துப் பேசினாள். "மன்னிச்சுட்டேங்க. கட்டு போட்ட கையோடயே ஜெபம் பண்ணி மன்னிச்சுட்டேன். ஆனா வூட்டுக்கு வர மாட்டேன். நான் அடிவாங்கிச் செத்துதான் இவரு திருந்தணும்னா, அப்ப ஆண்டவரு எதுக்குச் சிலுவையில செத்தாரு? ஒரு பலி போதும்னு அவரே சொல்லிட்டாரு. இன்னொண்ணு கேக்குறது நீங்க."

யாரோ "திமிரு" என்றார்கள். மாப்பிள்ளை அவள் இடது கையை எட்டிப் பிடித்தான். கட்டுப் பிரித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவள் வலியில் முனகினாள். நான் பாய்வதற்குள், காலையிலிருந்து அவனைச் சாட்டையால் அடித்து நடித்த படைவீரன், அட்டைத் தொப்பியும் தானுமாக நடுவில் வந்து அவன் விரல்களைப் பிரித்துவிட்டான். "வுடுண்ணே. அண்ணி போவட்டும்" என்றான். அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்த இரத்தத்தைத் தெருக்குழாயில் கழுவினோம். நகக்கண்ணில் கொஞ்சம் போகவே இல்லை.

பஸ்ஸில் ஜெயங்கொண்டம் வரைக்கும் அழுதாள். நான் தடுக்கவில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், "அக்கா, பசிக்குது" என்றாள்.

"இன்னிக்கி ஒருசந்தியாச்சேடி" என்றேன். பெரிய வெள்ளியன்று எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரோடு சரி, பழக்கதோஷத்தில் வாயில் வந்துவிட்டது.

"கல்யாணம் ஆனதுலேந்து இருந்தாச்சு, போதும்க்கா" என்று சொல்லிவிட்டு, அவளே கடைக்குள் போய் உட்கார்ந்து நாலு இட்லி கேட்டாள்.