துண்டின் எடை கழித்து

1996 கார்த்திகையில், ஏழரை மாதத்திலேயே பிறந்த எங்கள் மகளை ஒரு புதன்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வயது பதினெட்டு நாள். எடை 1480 கிராம். தாம்பரத்து ஆஸ்பத்திரியில் குழந்தைக்குச் சூடு கொடுக்க இருந்த ஒரே கண்ணாடிப் பெட்டி, அவளைவிடச் சிறிய குழந்தைக்குத் தேவைப்பட்டது.

"இனிமே நீங்கதான் பெட்டி" என்றார் சிஸ்டர். துணியில்லாத குழந்தையை என் மனைவியின் வெற்று நெஞ்சில் நிமிர்த்திச் சாய்த்து, மேலே புடவையால் இறுக்கிக் கட்டிக் காட்டினார். நாள் முழுக்க அப்படியே இருக்க வேண்டும். அம்மா குளிக்கப் போனால் அப்பா. அடுத்த புதன் எடை பார்ப்பார்கள். ஏறாவிட்டால் மறுபடி உள்ளே, பெட்டி காலியாக இருந்தால்.

சிட்லபாக்கத்தில் வாடகை போர்ஷன். ஏரி நிரம்பி, சுவரெல்லாம் ஓதம். என் முறை வந்து நான் உட்கார்ந்திருந்தபோது, பாத்திரம் தேய்க்க வந்த வேலைக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், பொடவயெல்லாம் சுத்திகினு குந்தினுகீற? அக்கா குளிச்சிட்டு வந்து இன்னாத்த கட்டும்?"

சிரித்தேன். ஆனால் சும்மா இருப்பதே வேலை என்றால் எனக்குச் செய்யத் தெரியாது. நான் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் ஸ்டோர்கீப்பர். மறுநாளே அங்கிருந்து திருகாணி நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கி வந்தேன். பால் கொடுக்குமுன் ஒரு தடவை, கொடுத்தபின் ஒரு தடவை. இரும்புத் தட்டில் துண்டு விரித்து, குழந்தையை வைத்து, துண்டின் எடையைக் கழித்து நோட்டில் எழுதினேன். 1475. 1465. 1450. குறையக் குறைய அடிக்கடி நிறுத்தேன்.

"ஏங்க, இப்பதானே போட்டீங்க. காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கு."

"ஒரு நிமிஷம்தான்."

திங்கட்கிழமை 1430. அன்று பாலாடையில் ஊற்றிய பால் கடைவாயில் வழிந்தது. அவள் விழுங்கவில்லை. புதன் வரை காத்திருக்காமல் மழையில் ஆட்டோ பிடித்தோம்.

சிஸ்டர் புறங்கையை அவள் வயிற்றில் வைத்தார், பிறகு பாதத்தில். "நெஞ்சுலேருந்து அடிக்கடி எடுக்கறீங்களா?"

பதிலாக நோட்டை நீட்டினேன், ஏதோ பாராட்டப் போகிறார் என்பதுபோல. இரண்டு பக்கம் புரட்டினார்.

"ஒரு நாளைக்கு இருபது தடவ துணியில்லாம தட்டுல போட்டிருக்கீங்க, சார்."

"துண்டு விரிச்சுதான் சிஸ்டர். அதோட எடையக் கழிச்சிட்டேன்."

அவர் நோட்டை மூடி என்னிடமே தந்தார். மனைவி என்னைப் பார்க்கவேயில்லை.

"குடிக்கிற பாலெல்லாம் ஒடம்பு சூடாகவே சரியாப் போகுது. அப்புறம் எங்கேருந்து எடை ஏறும்?" என்றார் சிஸ்டர்.

பெட்டி காலியாக இல்லை. மறைப்புக்குப் பின்னால் மனைவி அவளை நெஞ்சோடு கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்தாள். வெளியே நான் குடையோடு நின்றேன். பாதம் சூடேறி, பால் இறங்கிய பிறகு சிஸ்டர் சொன்னார்: "அடுத்த திங்கள் வரைக்கும் தராசு கூடாது. வயிறும் பாதமும் ஒரே சூடா இருக்கான்னு மட்டும் பாருங்க."

தராசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஏழு நாளும் அவள் என் நெஞ்சில் ஒரு நேரம் கனத்தாள், ஒரு நேரம் இருப்பதே தெரியவில்லை. எது நிஜம் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. நடுநடுவே புடவைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். அவ்வளவுதான் எனக்கு அனுமதி. நோட்டில் அந்த வாரம் வெறும் கோடுகள்.

திங்கட்கிழமை சிஸ்டரே நிறுத்தார். 1470. ஏழு நாளில் நாற்பது கிராம். நாங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போன அன்றைக்கு இருந்ததைவிட இன்னும் பத்து குறைவு.

"பொழச்சிப்பாளா சிஸ்டர்?" என்று மனைவி கேட்டாள்.

"ஏறுது. இன்னும் ஒரு வாரம் பாக்கணும்."

என் கை தன்னால் பேனாவை எடுத்திருந்தது. மனைவி குழந்தையை என் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு முதுகு விட்டுப்போச்சு. சட்டையக் கழட்டுங்க, சீக்கிரம்."

பேனாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிஸ்டரிடம் கொடுத்தேன்.