சகலையின் சனி ஞாயிறு வீடு

என் மனைவியின் தங்கை புருஷன், அதாவது என் சகலை, திருநின்றவூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு வாங்கினார். குடியிருக்க அல்ல. குடியிருக்க அவருக்கு அம்பத்தூரில் எட்டாவது மாடியில் ஃப்ளாட் இருக்கிறது. இது சனி ஞாயிறுக்கு. மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடப்பதற்காக ஒரு மனிதன் வீடு வாங்குவான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நான் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், நெல்லூரில் ஓட்டல் வேலை, திருப்பூரில் சாயப்பட்டறை என்று சுற்றினேன். கல்யாணம் ஆகியும் சுற்றல் நிற்கவில்லை, தூரம்தான் குறைந்தது. சேக்காடு, பட்டாபிராம், திருவேற்காடு, மறுபடி சேக்காடு. வீட்டுக்காரர் முறைத்தால் மாறுவோம். அவர் முறைக்காவிட்டாலும் எனக்கு அலுத்துவிட்டால் மாறுவோம். ஒவ்வொரு தடவையும் என் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவளுக்கும் அலுத்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

சகலையும் அவர் மனைவியும் அந்த வீட்டுக்குப் போன முதல் சனிக்கிழமையின் கதை எங்களுக்கு ஞாயிறு காலையில் போனில் வந்தது. இருட்டைக் கண்டு பயந்து, உள்ளேயும் வெளியேயும் இருந்த எல்லா விளக்கையும் போட்டிருக்கிறார்கள். அன்று நல்ல மழை. மழை விட்டதும் ஏரிக்கரை ஈசல் மொத்தமும் வெளிச்சத்தைப் பார்த்துக் கிளம்பி வந்துவிட்டது. சாம்பாரில் ஈசல், தலையில் ஈசல். இரண்டு பேரும் காருக்குள் ஓடிப்போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்து, முடியாமல் அப்படியே அம்பத்தூருக்கு வண்டியை விட்டுவிட்டார்கள். வீட்டைப் பூட்டினோமா என்பதே பாதி வழியில்தான் நினைவுக்கு வந்ததாம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அடுத்த வாரம் தங்கை மறுபடி போன் செய்தாள். "அக்கா, நீயும் கூட வாயேன். நீ இருந்தா எனக்குப் பயம் இருக்காது."

அக்காவும் தங்கையும் ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்கள். சின்ன வீடு, ஆனால் பின்னால் பெரிய இடம். கொய்யா, முருங்கை, வேலியோரம் கீரை. அப்பா ரிடையர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். தங்கை அப்போது சிறுமி, அவளுக்கு அவ்வளவாக நினைவில்லை. என் மனைவி விவரம் தெரிந்தவள்.

போனாள். அதிலிருந்து சனிக்கிழமை காலையில் எங்கள் தெரு முனையில் கார் வந்து நிற்கும். அவள் விடிந்ததுமே குளித்து, பையைத் தயாராக வைத்திருப்பாள். ஞாயிறு இரவுதான் திரும்புவாள். எனக்கு இரண்டு நாளும் மெஸ் சாப்பாடு.

"இன்னா மாமே, ஊட்ல அடுப்புக்கு லீவா?" என்று ஸ்டாண்டில் கேட்டான் கூட ஓட்டுகிறவன் ஒருவன்.

"மச்சினி ஊட்டுக்குப் போய்க்கீது."

"வாராவாரமா? பாத்துக்கோ மாமே. பழகிட்சின்னா திரும்பி வராது."

சும்மா சொன்னதுதான். ஆனால் அது என்னோடு பூந்தமல்லி வரைக்கும் வந்தது, திரும்பியும் வந்தது.

முதலில் அவள் கொண்டுவந்த கதைகள் நன்றாக இருந்தன. ஃப்ளாட்டில் தண்ணீர் தானாக வரும். மோட்டார் போடுவது, நிறுத்துவது எல்லாம் யாரோ பார்த்துக்கொள்வார்கள். அதனால் இங்கே சகலை மோட்டாரைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். தொட்டி நிரம்பி வழிந்து, பக்கத்து மனைக்காரர் கொட்டி வைத்திருந்த மணலில் பாதி கரைந்து ஓடியது. ஃப்ளாட்டில் குப்பைப் பையை வாசலில் வைத்தால் மறைந்துவிடும். இங்கேயும் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை போனால், நாய்கள் இழுத்த இழுப்பில் இவர்கள் வீட்டுக் கோழி எலும்பு தெரு முழுக்கக் கிடந்தது. சகலை கக்கூஸுக்குப் போகும்போது தவளைக்குப் பயந்து ஷூ போட்டுக்கொண்டு போவாராம்.

நான் இன்னொரு கதை, இன்னொரு கதை என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்புக்கு முழுக் காரணம் கதைதான் என்று நினைத்தேன்.

சில மாதங்களில் கதைகள் மாறின.

"அவரு இப்ப மோட்டாரை அவரே கழட்டி மாட்றாரு, தெரியுமா?" என்றாள்.

"நான் லாரி இன்ஜினையே கழட்டினவன்."

"தெரியும். அவரு போன்ல பாத்தே கத்துக்கினாருன்னு சொல்றேன்."

பிறகு, அவர் பாத்தி கட்டினார். பிறகு, கத்தரி நாற்று இவள் சொல்லச் சொல்ல அவர் நட்டார். கொய்யாவுக்கு இவளே குழி தோண்டினாள், அவர் உரம் வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க அந்த வீடுதான். சேக்காட்டில் நாங்கள் இருந்த போர்ஷனில் மண் என்று எதுவும் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே ஒரு தொட்டியில் அவள் வைத்திருந்த துளசி காய்ந்து போனதுகூட அவள் கண்ணில் படவில்லை.

ஒரு சனிக்கிழமை என்னையும் அழைத்தார்கள். ஆட்டோவிலேயே போனேன். கேட்டைத் திறந்தது என் மனைவி. தலைமுடியைத் தூக்கிச் செருகியிருந்தாள், முழங்கால் வரை சேறு. இடுப்பில் அந்த வீட்டுச் சாவி. கொடியில் அவள் புடவை காய்ந்துகொண்டிருந்தது. குளியலறைக்குப் பக்கத்தில் அவள் துண்டுக்கு என்று ஓர் ஆணி. உப்பு எங்கே இருக்கிறது என்று தங்கை அவளிடம்தான் கேட்டாள்.

"நம்ம கெணத்துத் தண்ணி குடிச்சிப் பாருங்க," என்று சொம்பை நீட்டினாள்.

நம்ம. நாங்கள் குடியிருந்த எந்த வீட்டையும் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பட்டாபிராம் வீடு, திருவேற்காடு வீடு என்று ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் பேசுவாள்.

சகலை அரை டவுசரோடு, வெறுங்காலோடு வந்தார். சேலத்துக்காரர், நல்ல மனிதர். அதுதான் எனக்குக் கஷ்டம். வெறுப்பதற்கு ஏதாவது கொடுத்திருக்கலாம்.

"அண்ணா, செருப்பைக் கழட்டுங்க. கால்ல மண்ணு படணும், அதுதான் சுகம்," என்றார்.

செருப்பே இல்லாமல் பாதி ஆந்திராவைச் சுற்றியவன் நான். இன்னொரு மண்வெட்டியை எடுத்து, அவருக்குப் பக்கத்திலேயே வேகமாக வெட்டினேன். அவர் இரண்டு பாத்தி போடுவதற்குள் நான் மூன்று. நிமிர்ந்தபோது மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேகமா வெட்டிட்டீங்க. ஆனா வரப்பு அவரு போட்ட மாதிரி நேரா வரலியே," என்றாள்.

தங்கை சிரித்தாள். "மாமாவுக்கு வண்டியே நேரா போவாது, வரப்பு எங்க போவும்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் சவாரி இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். அவள் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமைதானே வருவாள்.

அன்று முதல் எனக்கு ஒரே பயம். வாரம் முழுக்க ஆளில்லாமல் வீடு பாழாகிறது, யாராவது இருந்தால் தேவலை என்று தங்கை சொல்லிக்கொண்டிருப்பதாக என் மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அக்கா இங்கேயே இருந்துவிடு என்று அவர்கள் கேட்கப்போகிறார்கள், இவளும் சரி என்பாள். வண்டி ஓட்டிக்கொண்டே பதிலைத் தயார் செய்தேன். சகலை வீட்டுக்கு நான் காவல்காரனா, நீ வேண்டுமானால் போ, நான் வர மாட்டேன். ஒவ்வொரு சிக்னலிலும் அதை இன்னும் கொஞ்சம் காரமாக்கினேன்.

அவர்கள் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"அக்கா, இந்த வாரம் இவரோட ஆபீஸ்காரங்க குடும்பத்தோட வராங்க. உனக்கு எதுக்குக் கஷ்டம்? நீ ரெஸ்ட் எடு."

அதற்கடுத்த வாரமும் ஆட்கள் வந்தார்கள். அதற்கும் அடுத்த வாரம் யாரும் வரவில்லை, ஆனால் காரும் எங்கள் தெருவுக்கு வரவில்லை. இவளே போன் போட்டாள். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இப்பதான் எங்களுக்கு எல்லாம் பழகிடுச்சேக்கா. பயமே போயிடுச்சு. எல்லாம் உன்னாலதான்."

தங்கை பாராட்டாகத்தான் சொன்னாள். இவள் "சரிம்மா, சந்தோஷம்" என்று வைத்துவிட்டாள். பையிலிருந்த புடவையை எடுத்து மடித்து வைத்தாள். எனக்குப் பிடித்த மீனை வாங்கி வந்து குழம்பு வைத்தாள். நான் வேண்டியது நடந்துவிட்டது. சனிக்கிழமை எனக்கே திரும்பிவிட்டது. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

"கத்தரிக்கு யார் தண்ணி விடுவாங்க?" என்றாள்.

"அவங்க ஊடு. அவங்க பாத்துப்பாங்க."

அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் அழுகிறாள் என்று தெரிந்தது.

எத்தனை வீடு காலி செய்திருக்கிறோம். ஒன்றுக்காவது இவள் அழுததில்லை. நான் கொடுத்த எதற்கும் இவள் கண்ணில் தண்ணீர் இல்லை, அடுத்தவன் கத்தரிச் செடிக்கு இருக்கிறது. அதுவரை சகலை மேல் பொறாமை என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்குப் பொறாமை அந்த வீட்டின் மேல். செங்கல்லும் சிமெண்ட்டுமாக நிற்கிற ஒன்றோடு ஒரு மனிதன் எப்படிச் சண்டை போடுவது?

பின்னால் கொஞ்சம் மண் இருக்கிற வாடகை வீடு எங்கே கிடைக்கும் என்று சவாரி வருகிறவர்களிடம் எல்லாம் கேட்க ஆரம்பித்தேன். கடைசியில் ரயிலில் வேலைக்குப் போகிற ஓர் அம்மா சொல்லி, திருநின்றவூரில் ஸ்டேஷனைத் தாண்டி ஓர் இடம் கிடைத்தது. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ். எனக்குத் தினமும் ஆவடி வரைக்கும் காலி வண்டி ஓட்ட வேண்டும். ஆனால் பின்னால் கொஞ்சம் நிலம். இடித்த வீட்டின் செங்கல்லும் கண்ணாடியும் கொட்டிக் கிடந்தன. மனைவியை அழைத்துப்போய்க் காட்டினேன். அவள் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பின்பக்கம் போய், செங்கல்லைக் காலால் தள்ளி, மண்ணை விரலால் கிளறினாள்.

வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். "எவ்ளோ நாள் இருப்பீங்க? இதுக்கு முன்ன இருந்தவன் வந்த வேகத்துல ஓடிட்டான். எனக்குப் போறதும் வர்றதும் ஆவாது."

இருப்பேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

பின்பக்கமிருந்து அவள் குரல் வந்தது. "நான் எங்கியும் போவ மாட்டேன். இவரு போனா போவாரு."

வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அவளிடமே சாவியைக் கொடுத்தார்.

வாங்கிய கையோடு அவள் செய்த முதல் காரியம், தங்கைக்கு வீடியோ கால் போட்டதுதான். மண்ணைக் காட்டினாள், மூலையைக் காட்டினாள், கொய்யா வைக்கும் இடம் இது என்றாள். என்னிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போனுக்குள் சகலை தலை தெரிந்தது.

"அண்ணா, முதல்ல கண்ணாடியைப் பொறுக்கிடணும். நீங்க தனியா ஆரம்பிக்காதீங்க. சனிக்கிழமை நாங்க வந்துடுறோம்."

சொன்னபடி வந்தார்கள். சகலை காரிலிருந்து கடப்பாரையும் கையுறையும் இறக்கினார். என் மனைவி டீ போட்டு முதல் டம்ளரை அவரிடம் கொடுத்தாள். வெளியே என் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமை பூந்தமல்லிக்கு நல்ல சவாரி இருக்கும். நான் போகவில்லை. போனால், திரும்பி வருவதற்குள் அந்த மனிதர் தனியாகவே எல்லாவற்றையும் நேராக்கி முடித்துவிடுவார்.