அப்பா ஜெயித்த ஆட்டம்

அப்பா தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கோல்ஃப் ஆடினார், அதிலும் ஜெயித்துவிட்டார். போடியில் எத்தனை பேர் இப்படி மார்தட்டிக்கொள்ள முடியும்? ஆனால் அவர் அதைப் பற்றி மூச்சே விட்டதில்லை. மார்தட்டியதெல்லாம் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். வெள்ளைக்காரர்கள் நாட்டை விட்டுப் போய்ச் சில வருஷங்கள் ஆகியும், மலைமேல் ஒன்றிரண்டு துரைமார் மிச்சமிருந்த காலம்.

அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரம். போடிமெட்டுக்கு மேலே ஒரு துரையின் எஸ்டேட்டில் விளைகிற காய் முழுவதையும் வருஷா வருஷம் அவர்தான் வாங்குவார். எங்கள் கடை அந்தச் சரக்கை நம்பித்தான் ஓடியது. அந்த வருஷம் பார்த்து, மதுரைக்காரர் ஒருவர் அடிக்கடி அந்த எஸ்டேட்டுக்குப் போய் வருவதாகப் பேச்சு அடிபட்டது. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான், பந்தாட வரும்படி துரை ஆள் விட்டார்.

“சரக்குப் பேசக் கூப்பிட்டாத் தேவல. பந்தாட எதுக்குக் கூப்பிடுறாரு?” என்று கேட்டாள் அம்மா.

“பெரிய எடத்துல வெளையாட்டும் யாவாரந்தான். நான் நல்லாத் தோத்துட்டு வர்றேன் பாரு. வாங்கப் போற எடத்துல போயி ஜெயிக்கலாமா?” என்றார் அப்பா.

அடம்பிடித்து நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் வழியெல்லாம் வாந்தி எடுத்தபடி மேலே போய்ச் சேர்ந்தேன்.

ஏலத்தோட்டத்தைத் தாண்டி மரமே இல்லாத ஒரு புல்மேடு. அவ்வளவு புல்லையும் எந்த ஆட்டுக்கும் ஒரு வாய் கொடுக்காமல் கத்தரித்து வைத்திருந்தது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. ஆங்காங்கே சின்னக் குழி, குழிக்குள் ஒரு கொடி. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் வெகு கீழே போடி தெரிந்தது. “இங்க தப்பிச்சா பந்து உன் கடையிலதான் விழும், மொதலாளி!” என்று துரை சிரித்தார். தோட்டத்து ஆட்களை அதட்டி அதட்டியே தமிழ் கற்றவர். மரியாதைச் சொல் பழகவே இல்லை. ஆனால் மனுஷர் நல்லவர்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்வெட்டியைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்தார். சொன்னபடியே பந்தைப் புதருக்குள் அடித்தார். துரை அடித்தது அதைவிட அடர்ந்த புதருக்குள் போய் விழுந்தது. அப்பா குழிக்குப் பக்கத்தில் வந்து சாமர்த்தியமாகத் தவறவிட்டார். துரையும் தவறவிட்டார். பந்தியில் நீங்கள் முதலில் உட்காருங்கள் என்று உபசரித்துக்கொள்கிற சம்பந்திகள் போல, இரண்டு பேரும் குழிக்குக் குழி விட்டுக்கொடுத்துக்கொண்டே போனார்கள். இந்த ஆட்டம் தெரிந்தவர் ஒருவரும் இல்லையா என்று எனக்கு அலுத்துவிட்டது.

கடைசிக் குழியில் துரையின் பந்து வாயருகே கிடந்தது. நான் ஊதினாலே விழுந்திருக்கும். அவர் அதை மட்டையால் மெல்ல அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டு, “போச்சு!” என்றார். அப்பா கோணலாகத் தட்டிய பந்தோ சரிவில் வளைந்து, தானாக வந்து குழிக்குள் விழுந்தது. நான் கைதட்டிக் குதித்தேன். அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று.

“அப்ப வெல பேசிருவமா, தொரை?” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு நீட்டினார்.

அந்த வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலை அமுக்கிச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. துரைக்கு இதில் அப்பாவைவிட ருசி அதிகம். அவர்கள் பேரம் பேசினால் எலி புகுந்த சாக்கு மாதிரி துண்டு துள்ளும். அன்று அது அசையவே இல்லை. பனிமூட்டம் வந்து கொடியை மறைக்கிற வரைக்கும் இருவரும் அப்படியே நின்றார்கள். துரை மூக்கை உறிஞ்சினார். குளிர் தாங்கவில்லை போலும் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் அவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

இறங்கும்போது, “தொரை என்ன வெல கேட்டாருப்பா?” என்றேன்.

“ஒண்ணும் கேக்கல ஆத்தா. சும்மா கையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாசலிலேயே கத்தினேன்: “அம்மா! அப்பா ஜெயிச்சுட்டாரு! தொரை வெலையே கேக்காம காயி பூராத்தையும் நமக்கே குடுத்துட்டாரு!”

அம்மா என்னைப் பார்க்கவில்லை; அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “மதுரைக்காரருக்குக் குடுத்துட்டாரா?”

“காய மட்டுமா? தோட்டத்தையே வித்துட்டாரு. சீமைக்குப் போறாராம், தோட்டத்து ஆளுக சொல்லித்தான் தெரியும். அத வாய்விட்டுச் சொல்ல மாட்டாம, எங்கிட்டத் தோத்துப் பாத்தாரு மனுசன்.”

தோட்டத்தை விற்றால் விற்றுவிட்டுப் போகட்டும், ஜெயித்தது ஜெயித்ததுதானே? தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்பா சாப்பிடாமலே படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, “மறுபடி எப்பப்பா பந்தாடப் போறோம்?” என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சீக்கிரமே போகலாம் என்றுதான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.