எலி தின்னாத தாள்

பரளச்சிப் பக்கத்துக் காட்டுநாயக்கர் குடியிருப்பில், பழங்குடிச் சான்று மறுக்கப்பட்ட வீடுகளின் கதையைப் பன்னிரண்டு வருடமாக நடந்து நடந்து சேகரித்தவள் கருத்தம்மாள். பழங்குடிகளின் உரிமையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவின் முன் ஜெனீவாவில் பேச அழைப்பு வந்ததோ அவள் கொழுந்தன் மகள் தங்கலட்சுமிக்கு. இங்கிலீஷ் தெரிந்தவள். கருத்தம்மாளுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

புறப்படும் முன் தங்கலட்சுமி வந்தாள். "பெரியம்மா, தம்பிக்குச் சான்று இல்லைன்னு அதிகாரி எழுதுன தாளைக் குடுங்க."

கருத்தம்மாளின் மகனுக்கு, 'பன்றி வளர்க்கவில்லை, எனவே காட்டுநாயக்கர் அல்ல' என்று அதிகாரியின் கையெழுத்தோடு வந்த தாள் அது. வேறு எந்த வீட்டிலும் அப்படியொன்று கிடையாது.

"எலி தின்னுருச்சு தாயி. நீதான் படிச்சவளாச்சே, தாளில்லாமப் பேசு."

அவள் பேசியதைக் குடியிருப்பே செல்போனில் பார்த்தது. பழங்குடிச் சங்கத்துக்காரர் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அவளுடைய புதுச் சேலைகூடக் கருத்தம்மாளின் கண்ணை உறுத்தியது. பன்றிக் கதையைக் கேட்ட குழுவினர் எழுத்துச் சான்று கேட்டார்கள். நாளைக்குள் வந்தால் அரசிடம் விளக்கம் கேட்பார்களாம். தங்கலட்சுமி தலைகுனிந்தாள்.

கருத்தம்மாளுக்கு அது இனிக்கத்தான் செய்தது. அந்தச் சான்று இல்லாமல் காலேஜை விட்டுச் சித்தாள் வேலைக்குப் போகும் மகன் பக்கத்தில் இருந்தான். "எலியாம்மா தின்னுச்சு?" என்றான்.

அவள் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். தாளைப் போட்டோ எடுத்துத் தங்கலட்சுமிக்கு அனுப்பிவிட்டுப் போனில் பேசினாள்:

"எலி மிச்சம் வச்சிருக்கு. மனு போட்டவன்னு மேல என் பேரு இருக்கு. அதையும் சேத்து வாசி."